மூன்றாவது கியரா, நான்காவது கியரா? எக்ஸெல் சொல்லும் பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்ஸெல் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கள் வீட்டில் கணக்கு எழுத என்ன இருக்கிறது? அதெல்லாம் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு" என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் காலண்டர் தாளிலேயே முடிந்துவிடும். என்னை எக்ஸெல் பக்கம் தள்ளியது ஒரு தைல மர லாரி.

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி 800. நான்கு கியர் வண்டி. ஒரு நாள் மனைவியையும் மகளையும் ஏற்றிக் கொண்டு, பின்னால் ஒரு நெல் மூட்டையும் போட்டுக் கொண்டு, புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போய்க் கொண்டிருந்தேன். கந்தர்வகோட்டையைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. எங்கள் மாவட்டத்தில் தைல மரத் தோப்புகள் அதிகம். வெட்டிய கட்டைகளை அடுக்கிக் கொண்டு லாரிகள் மெதுவாகத்தான் போகும். இதுவும் 45 கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை.

எதிரே தூரத்தில் ஒரு பஸ் வந்து கொண்டிருந்தது. போய்விடலாம் என்று நினைத்தேன். ஹாரன் அடித்து, வலப்பக்கம் எடுத்து, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். வண்டி நான்காவது கியரில் இருந்தது. இன்ஜின் முக்கியது. வண்டி நகர்ந்ததே தவிரப் பாயவில்லை. லாரியின் நடுப்பகுதிக்கு வரும்போது பஸ் பெரிதாகத் தெரிந்தது. பஸ் டிரைவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் கொண்டே தார் ரோட்டை விட்டு இறங்கி வழி விட்டார். அதனால்தான் இன்று இதை எழுதிக் கொண்டிருக்கிறேன். அதன் பிறகு தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா சொன்ன பதில்

ஊர் திரும்பியதும் என் தாய்மாமாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"எந்தக் கியர்ல ஏறுன மாப்ளே?"

"நாலுல மாமா."

"நாலு தூங்குற கியருடா. அதுல போய் லாரியை முந்துவாங்களா? மூணைப் போட்டிருந்தா ஒரே மூச்சுல போயிருப்ப."

"ஏன் மாமா மூணு?"

"ஏன்னு கேட்டா? கைக்குத் தெரியும்."

தெரு முனைப் பட்டறையில் இதே கேள்வியைப் போட்டேன். ஆளுக்கொரு கியர் சொன்னார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் "பிக்கப்புன்னா செகண்டுதான்" என்றார். லாரி டிரைவர் ஒருவர் தேர்டு என்றார். புதிய கார் வாங்கிய தம்பி ஒருவர், "எந்தக் கியரா இருந்தா என்ன? ஆக்சிலேட்டர் கொடுத்தா போகாதா?" என்றார். நானும் அந்த லாரிக்குப் பின்னால் அப்படித்தான் நினைத்தேன்.

எல்லோருக்கும் ஒரு பிடித்த கியர் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கியர் என்பது பற்களின் எண்ணிக்கைதானே? எண்ணிக்கை என்றால் கணக்கு. கணக்கு என்றால் நம் கம்ப்யூட்டர் போடாதா? அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன். நான் தயாரித்த ஒர்க் ஷீட்டை நீங்களும் அரை மணி நேரத்தில் தயாரிக்கலாம். கூடவே எக்ஸெல்லின் முக்கியமான பாடம் ஒன்றையும் கற்றுக் கொள்ளலாம்.

கியர் விகிதம் என்றால் என்ன?

கியர் வைத்த சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? பின் சக்கரத்தில் பெரிய பல் வட்டில் செயின் இருந்தால் மிதிப்பது சுலபம். ஆனால் கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாகப் போகும். சின்ன வட்டுக்கு மாற்றினால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும்; ஆனால் மிதிப்பது கடினம். வேகம் வேண்டுமானால் இழுவையைக் கொடுக்க வேண்டும்; இழுவை வேண்டுமானால் வேகத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

காரிலும் இதேதான். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் கியர் பாக்ஸின் வெளிப்பக்கம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கியர் விகிதம். என் வண்டியில் முதல் கியர் 3.58, இரண்டாவது 2.17, மூன்றாவது 1.33, நான்காவது 0.90. இதற்குப் பிறகு டிபரன்ஷியலில் இன்னொரு ஜோடிப் பற்சக்கரம் இருக்கிறது. அதன் விகிதம் 4.35. இரண்டையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும்.

மூன்றாவது கியரில் 1.33 பெருக்கல் 4.35, அதாவது சுமார் 5.79. இன்ஜின் கிட்டத்தட்ட ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜினின் முறுக்கு விசையும் அதே 5.79 மடங்காகிச் சக்கரத்துக்கு வருகிறது. நான்காவதில் இது 3.92 மடங்குதான். மாமா "தூங்குற கியர்" என்றது இதைத்தான்.

முதலில் ஒரு சாக்பீஸும் டேப்பும்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் வண்டிக்குப் போங்கள். சக்கரத்தின் சுற்றளவு வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, சமதளத்தில் வண்டியை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். டயரில் போட்ட கோடு மீண்டும் தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே டேப் பிடித்து அளந்தால் சுற்றளவு கிடைத்துவிடும். எனக்கு 1.56 மீட்டர் வந்தது. டயர் சைஸை வைத்துக் கணக்குப் போட்டால் சற்றுக் கூடுதலாக வரும். வண்டியின் எடையால் டயர் கொஞ்சம் அமுங்குவதால், அளந்து பார்ப்பதே சரி.

கியர் விகிதங்களை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதிகபட்ச முறுக்கு விசை எவ்வளவு, அது எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். என் வண்டிக்கு 59 நியூட்டன் மீட்டர், 2500 ஆர்.பி.எம்.

ஒர்க் ஷீட் தயாரிப்போமா?

எக்ஸெல் இருந்தால் அதனைத் திறக்கவும். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசம். கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். ஒரு விஷயம்: செல் பெயர்களை நான் இங்கே ஏ1, பி2 என்று தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்தாகத் தட்டவும்.

1. ஏ1 செல்லில் "சக்கரச் சுற்றளவு" என டைப் செய்து, பக்கத்தில் பி1-ல் 1.56 எனத் தரவும்.

2. ஏ2-ல் "டிபரன்ஷியல்", பி2-ல் 4.35.

3. ஏ3-ல் "வேகம்", பி3-ல் 45. நாம் லாரிக்குப் பின்னால் போகும் வேகம் இது.

4. ஐந்தாவது வரிசையில் தலைப்புகள். ஏ5-ல் "கியர்", பி5-ல் "விகிதம்", சி5-ல் "மொத்த விகிதம்", டி5-ல் "1000 சுற்றில் வேகம்", இ5-ல் "ஆர்.பி.எம்.", எப்5-ல் "சக்கரத்தில் முறுக்கு".

5. ஏ6 முதல் ஏ9 வரை 1, 2, 3, 4 என கியர் எண்கள். பி6 முதல் பி9 வரை 3.58, 2.17, 1.33, 0.90.

இனி பார்முலா. சி6 செல்லில் கிளிக் செய்து =பி6*$பி$2 என டைப் செய்து என்டர் தட்டவும். 15.57 என வரும். மீண்டும் சி6-ஐக் கிளிக் செய்தால் அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதனை மவுஸால் பிடித்து சி9 வரை இழுத்து விடவும். மற்ற மூன்று கியர்களுக்கும் விடை தானே வந்துவிடும்.

டாலர் குறி எதற்கு?

நான் முதலில் டாலர் குறி போடாமல் =பி6*பி2 என்றுதான் கொடுத்தேன். முதல் கியருக்குச் சரியாக வந்தது. கீழே இழுத்தேன். இரண்டாவது கியருக்கு 97.65 என்றது. மூன்றாவதுக்குப் பூஜ்யம். நான்காவதில் எண்ணே இல்லை; பிழைச் செய்தி. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயந்து மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்போதும் அதேதான்.

நடந்தது இதுதான். பார்முலாவை ஒரு வரிசை கீழே இழுக்கும்போது எக்ஸெல் அதிலுள்ள எல்லாச் செல் பெயர்களையும் ஒரு வரிசை கீழே இறக்கிவிடுகிறது. பி6 என்பது பி7 ஆனது சரி. அடுத்த கியர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பி2-உம் பி3 ஆகிவிட்டது. அங்கே இருப்பது வேகம். 2.17-ஐ 45-ஆல் பெருக்கி 97.65 என்று தந்துவிட்டது. அடுத்த வரிசையில் காலியான பி4, அதனால் பூஜ்யம். அதற்கடுத்து பி5, அங்கே "விகிதம்" என்ற எழுத்து இருக்கிறது. எழுத்தால் பெருக்க முடியாது, அதனால் பிழை.

"எத்தனை வரிசை இழுத்தாலும் இந்தச் செல்லை விட்டு நகராதே" என்று சொல்வதுதான் டாலர் குறி. டைப் செய்யும்போது பி2-க்குப் பக்கத்தில் கர்சரை வைத்து எப்4 கீயை அழுத்தினால் எக்ஸெல்லே இரண்டு டாலர் குறிகளையும் போட்டுவிடும். இந்த ஒன்றைப் புரிந்து கொண்டால் எக்ஸெல்லில் பாதி சந்தேகம் தீர்ந்தது.

மற்ற பார்முலாக்கள் இதோ.

டி6-ல் =60*$பி$1/சி6. இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு எத்தனை கி.மீ. போகும் என்பது இது.

இ6-ல் =$பி$3/டி6*1000. பி3-ல் தந்த வேகத்தில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் இருக்கும் என்பது இது. மாருதி 800-ல் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. டாஷ்போர்டில் இல்லாத மீட்டரை கம்ப்யூட்டரில் பார்க்கிறோம்.

எப்6-ல் =59*சி6. சக்கரத்துக்கு வரும் முறுக்கு.

மூன்றையும் தேர்ந்தெடுத்து ஒன்பதாவது வரிசை வரை இழுத்து விடவும். எனக்குக் கிடைத்தது இது:

முதல் கியர்: 1000 சுற்றில் 6.0 கி.மீ.; 45 கி.மீ. வேகத்தில் 7487 ஆர்.பி.எம்.; முறுக்கு 919.
இரண்டாவது: 9.9 கி.மீ.; 4538 ஆர்.பி.எம்.; முறுக்கு 557.
மூன்றாவது: 16.2 கி.மீ.; 2781 ஆர்.பி.எம்.; முறுக்கு 341.
நான்காவது: 23.9 கி.மீ.; 1882 ஆர்.பி.எம்.; முறுக்கு 231.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். அன்று நான் மிதித்த மிதிக்குச் சக்கரத்தில் கிடைத்தது 231. மூன்றாவது போட்டிருந்தால் 341. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! அதுமட்டுமல்ல, 59 என்பது 2500 ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் அதிகபட்சம். நான்காவதில் இன்ஜின் 1882-ல்தான் இருந்தது. ஆகவே உண்மையில் அந்த 231-உம் முழுதாகக் கிடைத்திருக்காது. மூன்றாவதில் 2781, இன்ஜின் நன்றாக இழுக்கும் இடம்.

அப்படியானால் இரண்டாவதுதானே சிறந்தது?

ஷேர் ஆட்டோக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? இரண்டாவது கியரில் 557. நான்காவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றியது. இதற்கு விடை காண ஒர்க் ஷீட்டை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும்.

ஏ12-ல் "மொத்த எடை", பி12-ல் 900. வண்டி, நாங்கள் மூவர், மூட்டை எல்லாம் சேர்ந்து கிலோவில் தோராயம்.
ஏ13-ல் "எதிர்ப்பு", பி13-ல் 300. காற்று, டயர், பற்சக்கர உராய்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து நியூட்டனில் நான் வைத்த தோராயம்.
ஏ14-ல் "முந்தும் நீளம்", பி14-ல் 40. லாரியின் நீளம், அதற்கு முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி, நம் வண்டி எல்லாம் சேர்ந்து மீட்டரில்.
ஏ15-ல் "எதிர் வண்டி வேகம்", பி15-ல் 60.

இப்போது ஆறாவது வரிசையில்:

ஜி6-ல் =(எப்6/($பி$1/6.2832)-$பி$13)/$பி$12. இதுதான் நாம் பேசும் பிக்கப். ஒவ்வொரு வினாடியும் வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்வது. சுற்றளவை 6.2832-ஆல் வகுத்தால் சக்கரத்தின் ஆரம் வரும். முறுக்கை ஆரத்தால் வகுத்தால் தள்ளும் விசை. அதில் எதிர்ப்பைக் கழித்து எடையால் வகுக்கிறோம்.

எச்6-ல் =(2*$பி$14/ஜி6)^0.5. முந்தி முடிக்க ஆகும் நேரம், வினாடியில். கீபோர்டில் 6 என்ற எண்ணுக்கு மேலே உள்ள குறிதான் ^. இங்கே அது வர்க்க மூலம் காண உதவுகிறது.

ஐ6-ல் =$பி$3/3.6*எச்6+$பி$14+$பி$15/3.6*எச்6. முந்த ஆரம்பிக்கும்போது எதிர் வண்டி குறைந்தது எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது.

ஜே6-ல் =$பி$3+ஜி6*எச்6*3.6. முந்தி முடிக்கும்போது நம் வேகம்.

கே6-ல் =டி6*5.5. அந்தக் கியர் தாங்கும் வேகம். என் இன்ஜினின் அதிகபட்ச சக்தி 5000 ஆர்.பி.எம்.மில். அதற்கு மேல் கொஞ்சம் தாங்கும் என்று 5500-ஐ எல்லையாக வைத்துக் கொண்டேன்.

வழக்கம்போல எல்லாவற்றையும் ஒன்பதாவது வரிசை வரை இழுத்து விடவும்.

திரையில் வந்ததைப் பார்த்து நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான்காவது கியரில் லாரியை முந்த 10.7 வினாடி, அதற்கு எதிரே 352 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மூன்றாவதில் 8.2 வினாடி; 279 மீட்டர் போதும். வித்தியாசம் 73 மீட்டர்! ஏழு பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தும் தூரம். அன்று பஸ் டிரைவர் தார் ரோட்டை விட்டு இறங்கியது அந்த 73 மீட்டருக்காகத்தான்.

இரண்டாவது கியருக்கு வருவோம். 6.1 வினாடியில் முடித்துவிடலாம் என்றது ஒர்க் ஷீட். ஆனால் ஜே, கே ஆகிய இரண்டு காலங்களையும் சேர்த்துப் பாருங்கள். முந்தி முடிக்கும்போது வேகம் 92 கி.மீ. இருக்க வேண்டும்; இரண்டாவது கியரோ 54.5 வரைதான் தாங்கும். அதாவது லாரியின் பாதி நீளம் தாண்டுவதற்குள்ளேயே இன்ஜின் கதறும். எதிரே பஸ் வர, லாரிக்குப் பக்கத்தில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் இழுவையே இல்லை.

மூன்றாவதில்? முடிக்கும்போது 80 கி.மீ.; தாங்கும் எல்லை 89. இடையில் கியரே மாற்ற வேண்டாம். "ஒரே மூச்சுல போயிருப்ப" என்று மாமா சொன்னாரே, அது இதுதான். பலமான கியர் எது என்பது மட்டும் கேள்வி இல்லை. வேலை முடியும் வரை கூட வரும் கியர்களில் பலமானது எது என்பதே கேள்வி.

மாமா வைத்த பரீட்சை

மறுநாள் மாமாவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் பார்த்தார். "டிராக்டர் ஒண்ணு டிரெய்லரோட இருபதுல போகுதுன்னு வை. என்ன கியர்?" என்றார். பி3-ல் 20 என மாற்றினேன். மெதுவாகப் போகும் வண்டி. இடைவெளி குறைவாக இருந்தால் போதும் என்று பி14-ல் 20 எனத் தந்தேன். என்டர் தட்டியதும் எல்லா எண்களும் ஒரே நொடியில் மாறின. காகிதத்தில் போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

மூன்றாவது கியரில் இன்ஜின் 1236 ஆர்.பி.எம்.மில் கிடந்தது. உதறும். இரண்டாவதில் 4.3 வினாடி, முடிவில் வேகம் 53.5, எல்லை 54.5. சரியாகப் பொருந்துகிறது!

"சொல்லாதே, நானே சொல்றேன். செகண்டு" என்றார் மாமா, திரையைப் பார்க்காமலே. "சரி, பஸ்ஸைப் போடு. அறுபத்தஞ்சுல போகுது."

பி3-ல் 65, பி14-ல் மீண்டும் 40. மூன்றாவது கியர் 100 கி.மீ. வரை போக வேண்டும், எல்லை 89. ஆகவே அது பாதியில் கைவிடும். நான்காவதில் முடிக்க எதிரே 411 மீட்டர் காலியாக வேண்டும். வேகமும் 92-ஐத் தொடும்.

மாமா சிரித்தார். "டிராக்டருக்கு ரெண்டு, லாரிக்கு மூணு, பஸ்ஸுக்குப் பின்னாலயே போ. இதுக்குப் போய் ராத்திரி முழுக்க கரண்டைச் செலவு பண்ணினியா?"

ஷேர் ஆட்டோக்காரர் சொன்னதும் தவறில்லை என்று அப்போது புரிந்தது. நகருக்குள் நின்று நின்று, 20 கி.மீ. வேகத்திலேயே ஓட்டுபவருக்கு இரண்டாவதுதான் பிடித்த கியர். நெடுஞ்சாலை லாரி டிரைவருக்கு அதற்கு மேலே உள்ளது. அவரவர் வேகத்துக்கு அவரவர் கியர்.

சிவப்பு விளக்கு போடுவோம்

முதல் கியர் வரிசையில் 7487 ஆர்.பி.எம். என்று வந்ததல்லவா? 45 கி.மீ. வேகத்தில் தவறி முதல் கியருக்குப் போய்க் கிளட்சை விட்டால் இன்ஜினைச் சக்கரம் அந்த வேகத்துக்குச் சுழற்றப் பார்க்கும்; இன்ஜின் போய்விடும். இத்தகைய எண்கள் தானாகச் சிவப்பாகத் தெரிந்தால் நல்லது அல்லவா?

இ6 முதல் இ9 வரை தேர்ந்தெடுக்கவும். எக்ஸெல்லில் ஹோம் டேபில் "கண்டிஷனல் பார்மட்டிங்" என்பதில் கிளிக் செய்து, "ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்", பின் "கிரேட்டர் தேன்" எனச் செல்லவும். கிடைக்கும் கட்டத்தில் 5500 எனத் தந்து ஓகே செய்திடவும். கால்க்கில் இந்த வசதி "பார்மட்" மெனுவில் "கண்டிஷனல்" என்ற பெயரில் உள்ளது. இனி பி3-ல் எந்த வேகம் தந்தாலும் கூடாத கியர் சிவப்பில் தெரியும். முடிந்ததும் கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி, பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திட மறக்க வேண்டாம்.

சில எச்சரிக்கைகள்

எல்லா வேகத்திலும் இன்ஜின் 59 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். உண்மையில் 5000 ஆர்.பி.எம்.முக்குப் போகும்போது 52 அளவுக்குக் குறையும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். ஆகவே சாலையில் ஆகும் நேரமும் தூரமும் திரையில் வருவதைவிட அதிகம்தான். கியர்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த ஒர்க் ஷீட் உதவும். "279 மீட்டர் இருக்கிறது, ஏறலாம்" என்று முடிவு செய்ய அல்ல. நான்காவது கியரின் எல்லை 131 என்று காட்டுவதும் பற்சக்கரக் கணக்குத்தான். வண்டி அவ்வளவு போகும் என்று பொருள் இல்லை.

நான்காவது கியரை வெறுக்கவும் வேண்டாம். பி3-ல் 60 எனத் தந்து பாருங்கள். மூன்றாவதில் 3709 ஆர்.பி.எம்., நான்காவதில் 2510. காலியான சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றினால் சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். முந்தி முடித்ததும் நான்காவதுக்கு வந்துவிடுங்கள்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே 2014-ல் மாருதியின் செலேரியோ, கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. கியர் பாக்ஸுடன் வந்தது. அதில் கியரை மாற்றுவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். இத்தகைய வண்டிகளில் ஆக்சிலேட்டரைச் சட்டென அடிவரை மிதித்தால் வண்டி தானே ஒரு கியர் இறங்கிப் பாயும். "இவர் முந்தப் பார்க்கிறார், இந்த வேகத்துக்கு எந்தக் கியர் தாங்கும், எது அதிகம் இழுக்கும்" என்று அது பார்ப்பது ஏறக்குறைய நம் ஒர்க் ஷீட் பார்ப்பதைத்தான். அங்கே விடை நொடிக்குள் கியரில் வந்துவிடுகிறது. நம்மைப் போல் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விடையை முன்கூட்டியே தெரிந்து கொண்டு கையில் வைத்திருக்க வேண்டும்.

நீங்களும் உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஐந்து கியர் வண்டி என்றால் ஒரு வரிசை சேர்த்துக் கொள்ளுங்கள். எதிர்ப்பு, எடை ஆகியவற்றையும் உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள். பைக்குக்கும் இதே முறைதான். இன்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை உள்ள பற்சக்கர, செயின் விகிதங்களை எல்லாம் பெருக்கிக் கொள்ள வேண்டும்.

அந்த ஒர்க் ஷீட்டின் ஒரு பிரிண்டை வீட்டுக்காரியிடம் காட்டினேன். ஐ காலத்தில் இருந்த 352, 279 என்ற இரண்டு எண்களையும் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமே லாரிக்குப் பின்னாலயே போங்க. தஞ்சாவூர் எங்கேயும் ஓடிடாது" என்றாள். அந்தப் பதிலுக்கு எக்ஸெல்லில் பார்முலா இல்லை. ஆனால் அதுவும் சரியான விடைதான்.